அடுக்களையிலிருந்து கடைக்கு: சுயமாக வெளியாகும் வீடியோ கேம்களும் பெண்களும்

1. வீடு

வேலை செய்யும் இடம் குடியிருக்கும் வீடாக இருக்கக் கூடாது. நின்டெண்டோ நிறுவனம் தன் 'வீ' கன்சோலின் இணையக் கடையான 'வீவேர்' வழியாக 2008 முதல் சிறு படைப்பாளிகளின் விளையாட்டுகளை விற்கத் தொடங்கியபோது, விண்ணப்பித்தவர்களுக்கு வைத்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. விளையாட்டை உருவாக்குபவருக்கு வீட்டிலிருந்து பிரிந்த, பாதுகாப்பான ஓர் அலுவலகம் இருக்க வேண்டும். நிறுவனம் தரும் கருவிகளும் அவற்றின் இரகசியங்களும் வெளியே போய்விடக் கூடாது என்பது இதற்கான நியாயம். 2013இல்தான் இந்த நிபந்தனை விலக்கிக்கொள்ளப்பட்டது.

பெண்களை மனதில் வைத்து யாரும் இந்த விதியை எழுதவில்லை. எழுதியவர்களின் மனதில் பெண்களே இருந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த விதியை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே ஒன்றை உருவாக்க வேண்டிய நிலையில் இருப்பவர் யார்? குழந்தை தூங்கிய பிறகு கணினியைத் திறப்பவர், மாமியாரின் மருந்து நேரத்துக்கும் மறுநாள் சமையலுக்கு அரிசி ஊறப்போடும் நேரத்துக்கும் இடையே ஒரு மணி நேரத்தைத் திருடுபவர், அலுவலகத்துக்கு வாடகை கட்டக் கையில் காசில்லாதவர். வீடு என்பது வேலை நடக்கும் இடமே இல்லை என்ற எண்ணம் நமக்கு நன்கு பழக்கமானது. நம் அம்மாக்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனதற்கும் இந்த எண்ணம்தான் காரணம். அதே எண்ணம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் இன்னொரு உருவத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

வீடியோ கேம்களின் உலகில் 'சுயப் பதிப்பு' என்ற சொல் பரவலானது கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில்தான். அதற்கு முன் ஒரு விளையாட்டு கடைக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஒரு பதிப்பு நிறுவனம் வேண்டும். வட்டு அச்சடிப்பது, பெட்டி, விளம்பரம், கடைக்காரருடன் பேரம் எல்லாம் அவர்கள் கையில். கடைகள் இணையத்துக்கு மாறியபோது வட்டும் பெட்டியும் தேவையற்றுப் போயின. மைக்ரோசாஃப்ட் 2008இல் எக்ஸ்பாக்ஸில் ஆண்டுக்கு 99 டாலர் சந்தா கட்டியவர்களுக்கு ஒரு சிறு பகுதியைத் திறந்துவிட்டது. 2013இல் சுயப் பதிப்புக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. கணினி விளையாட்டுகளுக்கான மிகப் பெரிய கடையான ஸ்டீமில் இன்று ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் தன் படைப்பை வைக்கலாம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அந்த நூறும் திரும்பக் கிடைக்கும்.

தமிழில் கவிதைத் தொகுப்பு போட்ட எந்தப் பெண்ணுக்கும் சுயப் பதிப்பு புதிய சங்கதி இல்லை. வளையலை அடகு வைத்து, அச்சகத்துக்கு முன்பணம் கட்டி, ஐந்நூறு பிரதிகளை வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கிடந்த புத்தகம் நம்முடையது. யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம். கடைக்காரர் வேண்டாம் என்றால் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம். ஸ்டீமிலோ நின்டெண்டோ கடையிலோ சுயமாக வெளியாகும் விளையாட்டு பிறருடைய கட்டடத்துக்குள் இருக்கிறது. கன்சோல் என்றால் அந்தப் பெட்டிக்குள் நுழைய வேறு வழியே கிடையாது. பதிப்பாளர் போய்விட்டார்; கட்டடத்தின் சொந்தக்காரர் இருக்கிறார். அவர் வாசலில் எதை வைத்து அளக்கிறார் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2. வாக்கு

ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் 2012 ஆகஸ்டில் 'கிரீன்லைட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. எந்த விளையாட்டு கடைக்கு வர வேண்டும் என்பதை வாடிக்கையாளர்களே வாக்களித்துச் சொல்லலாம். கேட்க இதைவிட ஜனநாயகமாக வேறொன்று இருக்க முடியாது. ஆனால் வாக்காளர் யார்? அந்தக் கடையில் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்கள். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் மரத்தடியில் எல்லோரும் பேசலாம் என்று அறிவித்துவிட்டு, அங்கே வழக்கமாக உட்காருபவர்களிடமே முடிவைக் கொடுத்தது போன்ற ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்தது 'டிப்ரஷன் குவெஸ்ட்'. சோயி குயின், பாட்ரிக் லின்ட்சி, ஐசக் ஷாங்க்லர் மூவரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட இலவச விளையாட்டு. இதில் ஓட்டமும் சுடுதலும் கிடையாது. பெரும்பாலும் எழுத்துதான். மனச்சோர்வோடு வாழும் ஒருவரின் அன்றாடத்தை வாசித்துக்கொண்டே போய், அடுத்து என்ன செய்வது என்று ஒவ்வொரு இடத்திலும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அரிய உத்தி தேர்வுகளில் இருக்கிறது. ஆரோக்கியமான மனிதர் செய்யக்கூடிய செயல்கள் திரையில் தெரிகின்றன; அவற்றின் மேல் கோடு கிழித்திருக்கிறது. படிக்கலாம், அழுத்த முடியாது. சோர்வு கூடக் கூட அடிபட்ட வரிகளும் கூடுகின்றன. "எழுந்து குளித்துவிட்டு நாலு இடம் போய்ட்டு வந்தா எல்லாம் சரியாப் போகும்" என்று அறிவுரை கேட்டுச் சலித்த எவருக்கும் அந்தக் கோடுகளின் பொருள் புரியும். வழி தெரியாமல் இருப்பது வேறு, தெரிந்த வழியில் காலை எடுத்து வைக்க முடியாமல் இருப்பது வேறு. ஒரு கவிதை பல வரிகளில் செய்ய முயல்வதை இந்த விளையாட்டு ஒரு கோட்டில் செய்கிறது.

கிரீன்லைட்டில் இது வாக்குக்கு வந்தபோது வசைகள் வந்தன. இது விளையாட்டே இல்லை என்றார்கள். சோயி குயினுக்கு வந்த செய்திகள் அவருடைய உடலைப் பற்றியவை, அவர் சாக வேண்டும் என்பவை. அதையும் மீறி ஒப்புதல் கிடைத்து 2014 ஆகஸ்ட் 11 அன்று ஸ்டீமில் வெளியானது. சில நாள்களிலேயே அவருடைய முன்னாள் காதலர் அவரைப் பற்றி நீண்ட பதிவு ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். நல்ல விமர்சனத்துக்காக ஒரு பத்திரிகையாளருடன் உறவு வைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அதிலிருந்து கிளம்பியது. அந்தப் பத்திரிகையாளர் அப்படி ஒரு விமர்சனத்தை எழுதவே இல்லை. 'கேமர்கேட்' என்று பெயர் பெற்ற வேட்டை இப்படித்தான் தொடங்கியது. பத்திரிகை அறம் என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்தக் கூட்டம் பெண்களின் வீட்டு முகவரிகளைப் பரப்பியது. விளையாட்டுகளைப் பெண்ணிய நோக்கில் விமர்சித்த அனிதா சர்க்கீசியன் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேசவிருந்த கூட்டம், துப்பாக்கிச் சூடு மிரட்டலால் 2014 அக்டோபரில் கைவிடப்பட்டது.

எழுதும் பெண்ணின் படைப்பை விட்டுவிட்டு அவள் படுக்கையறையை விசாரிக்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா? 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்தபோது, கவிதைகளை வாசிக்காதவர்கள்கூடத் தலைப்பை வைத்துத் தீர்ப்பு எழுதினார்கள். சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி என்று அக்காலத்தில் உடலை எழுதிய பெண்கள் ஒவ்வொருவரும் 'ஆபாசம்' என்ற சொல்லைச் சுமக்க வேண்டியிருந்தது. மொழியும் துறையும் வேறாக இருந்தும் வசையின் இலக்கணம் ஒன்றாகவே இருக்கிறது: முதலில் இது இலக்கியமே இல்லை, அல்லது இது விளையாட்டே இல்லை, பிறகு இவள் பெண்ணே இல்லை.

கிரீன்லைட் முறை 2017 ஜூனில் மூடப்பட்டது. வாக்கு போய் நூறு டாலர் வந்தது. பெண்களைப் பொறுத்தவரை இது முன்னேற்றம்தான். கும்பலின் முன் நின்று கைகூப்புவதைவிடக் கட்டணம் கட்டுவது மரியாதையானது.

3. வெண்பா

வீட்டில் வேலை செய்யக் கூடாது என்ற விதியை நின்டெண்டோ விலக்கிப் பத்தாண்டுகள் கழித்து, 2023 ஜூலை 31 அன்று, அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கன்சோலில் ஓர் அடுக்களை விற்பனைக்கு வந்தது. கணினியிலும் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அதே நாளில் வந்தது. பெயர் 'வெண்பா'. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு தானே உருவாக்கித் தானே வெளியிட்ட விளையாட்டு. அடுத்த ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியும் அவர்கள் மகனும்தான் கதை. மனைவி பெயர் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின்.

பதிப்பாளர் ஒருவர் நடுவில் இருந்திருந்தால் இந்தப் பெயர் தப்பியிருக்குமா என்று தெரியாது. அந்நியர் வாயில் நுழையாத பெயர், உலகச் சந்தைக்கு அறிமுகமில்லாத மொழி, அறிவியல் புனைவும் வாளும் இல்லாத கதை. சுயப் பதிப்பின் பலன் என்ன என்று கேட்டால் இந்த விளையாட்டைக் கையில் எடுத்துக் காட்டலாம்.

விளையாடும் முறை எளிது. வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. சில படிகள் இல்லை, சில வரிகள் கறையில் மறைந்துவிட்டன. இருப்பதை வைத்து இல்லாததை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதல் பகுதியில் இட்லி. தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். தவறாக அடுக்கினால் இட்லி வேகாது; மறுபடி முயலலாம்.

தமிழ் படித்த எனக்கு இதில் முதலில் பட்டது சுவடிப் பதிப்பின் சாயல். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீரை, யாப்பை வைத்தும் பொருளை வைத்தும் மீட்பது நம் பதிப்பாசிரியர்களின் பெரும்பணி. உ.வே.சா.வின் பெயரைச் சொல்லாமல் எந்தத் தமிழ் வகுப்பும் தொடங்குவதில்லை. ஆனால் பெண்களின் கைவழியாக வந்த அறிவுக்குப் பதிப்பாசிரியர் யாரும் வாய்க்கவில்லை. எத்தனை ஆழாக்கு, எவ்வளவு நேரம், எந்தப் பதம் என்பதெல்லாம் 'கைப்பக்குவம்' என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடப்பட்டன. கைப்பக்குவம் என்பது பாராட்டு போல ஒலிக்கும். அறிவு என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கான நாசூக்கான வழியும் அதுவே. 'வெண்பா' அந்த மூடியைத் திறக்கிறது. இட்லித் தட்டின் அடுக்கில் ஆவியின் இயற்பியல் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தவள் ஒரு பெண், அவள் எழுதிவைத்த பிரதி சிதைந்திருக்கிறது, அதை மீட்பது ஓர் ஆய்வு என்று விளையாடுபவரின் விரல்களுக்கே சொல்லிக்கொடுக்கிறது. என் முதுகலை மாணவிகளுக்குப் பாடபேதம் நடத்தும்போது இந்த விளையாட்டின் முதல் பகுதியைத் திரையில் ஓட்டிக் காட்டியிருக்கிறேன். "இந்தப் படி தப்பு மேடம், எங்க ஆத்தா இப்படி அடுக்க மாட்டாங்க" என்று மூன்று பேர் மூன்று வட்டார வழக்கோடு எழுந்தார்கள். பாடபேதம் என்றால் என்னவென்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியைக் கையாள்வதிலும் நுட்பம் இருக்கிறது. கவினின் பக்கத்திலிருந்து நாம் விளையாடும்போது, அம்மாவின் தமிழ் அவனுக்குப் பிடிபடாத இடங்களில் திரையின் எழுத்தும் நமக்கு மங்குகிறது. இரண்டாம் தலைமுறையின் மொழியிழப்பைப் பற்றி எத்தனையோ புலம்பல்களை வாசித்திருக்கிறோம். அம்மா பேசிக்கொண்டிருக்க, அவள் சொற்கள் கண்ணெதிரே தெளிவிழப்பதைப் பார்ப்பது வேறு விதமான வலி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இந்த விளையாட்டில் வெண்பாவுக்குக் கொடுக்கப்பட்ட வினைச்சொல் எது?

விளையாட்டு என்னும் வடிவத்தின் இலக்கணம் வினைச்சொற்களால் ஆனது. நாவலில் ஒரு பெண் வேலை தேடினாள் என்று ஒரு வரி எழுதினால் அது நடந்ததாகிவிடும். விளையாட்டில் நம் கை செய்வதற்கும் நமக்குச் சொல்லப்படுவதற்கும் இடையே எடை வேறுபாடு உண்டு. வெண்பா படித்தவள். தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் அந்தத் தம்பதி படும் அலைக்கழிப்பு உரையாடலில் வருகிறது. ஆனால் நாம் அவளாக இருந்து கையால் செய்வது சமையலை மட்டுமே. அவளுடைய தொழில் வாழ்க்கை கேள்விப்படும் செய்தி. அவளுடைய அடுப்பு நாம் வாழும் அனுபவம். உரையாடலில் என்ன பதில் சொல்லலாம் என்று தேர்ந்தெடுக்கும் இடங்கள் உண்டு என்றாலும் கதையின் போக்கை அவை திருப்புவதில்லை.

இன்னொன்று, இந்தக் கதை யாருடைய குற்றவுணர்வு? விளையாட்டை வடிவமைத்த அபி ஒரு மகன். அம்மாவை முழு மனுஷியாகப் பார்க்க வேண்டும் என்ற உண்மையான தவிப்பு அவருக்கு இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆயினும் கதை நகர நகர அச்சு மகனிடம் போய்விடுகிறது. அவன் விலகுகிறான், அவள் சமைத்து வைத்துக் காத்திருக்கிறாள்; அவன் வருந்துகிறான், அவளிடம் வருகிறான். கணவரை இழந்த பிறகு அவள் தமிழ்நாடு திரும்புகிறாள். ஐம்பதைக் கடந்த ஒரு பெண், பல பத்தாண்டு வெளிநாட்டு வாழ்க்கையை மூட்டை கட்டிவிட்டுத் தனியாக ஊருக்கு வந்து வாழ முடிவெடுப்பது எவ்வளவு பெரிய செயல்! சொந்தக்காரர்களின் கேள்விகள், பழைய தோழிகள், தனக்கு மட்டும் ஒரு வாய் சமைத்துக்கொள்ளும் முதல் மாலை. இவையெல்லாம் விளையாட்டின் கண்ணில் படவில்லை. மகன் வாசலில் வந்து நிற்கும்போதுதான் திரை மீண்டும் அவளைப் பார்க்கிறது. யாருக்கும் பரிமாறாத வெண்பாவை நாம் அறியவே இல்லை.

இதைக் குறை என்று ஒதுக்கிவிட நான் சொல்லவில்லை. நல்ல படைப்பு அடுத்த படைப்புக்கான பசியை உண்டாக்கும். மகன்கள் எழுதிய அம்மாக்கள் நம் இலக்கியத்திலும் திரைப்படத்திலும் நிறைய. அம்மாவே எழுதும் விளையாட்டு எப்படி இருக்கும் என்று இப்போது கேட்க முடிகிறது. அந்தக் கேள்விக்கான இடத்தை 'வெண்பா' உண்டாக்கியிருக்கிறது.

4. நீளம்

அம்மாவே ஒரு விளையாட்டு செய்தால் அது நீளமாக இருக்க வாய்ப்பில்லை. கிடைக்கும் நேரம் துண்டு துண்டானது. அங்கேதான் கடையின் இன்னோர் அளவுகோல் காத்திருக்கிறது.

ஸ்டீமில் 2015 முதல் ஒரு பொது விதி உண்டு. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் 'வெண்பா'வைப் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முழுதாக அனுபவித்துவிட்டு 14.99 டாலரைத் திரும்பப் பெறவும் விதி இடம் தருகிறது. இரவு பகலாக ஓடும் போர் விளையாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நேரத்தின் நீளத்தால் மதிப்பை அளக்கும் பழக்கத்தை விதி உறுதிப்படுத்துகிறது. 'இவ்வளவு காசுக்கு இவ்வளவுதானா' என்ற முறையீடு 'வெண்பா'வையும் விடவில்லை. இரண்டு அடியில் ஒரு நூலையே கட்டி எழுப்பிய மொழிக்காரர்களுக்கு இந்த அளவுகோல் விசித்திரமாகத்தான் தெரியும்.

கூட்டமும் ஓர் அளவுகோல். 2024இல் மட்டும் ஸ்டீமில் வெளியான விளையாட்டுகள் 18,000க்கு மேல். வாசலில் தடை இல்லை, உள்ளே வெளிச்சம் இல்லை. யாரை முன்வரிசையில் காட்டுவது என்பதைக் கணினிக் கணக்கு முடிவு செய்கிறது. வெளியீட்டுக்கு முன்பே எத்தனை பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள், வெளிவந்ததும் எவ்வளவு விற்றது என்பதையொட்டி அந்தக் கணக்கு நகர்கிறது. பத்துப் பேர் மதிப்புரை எழுதும்வரை கடை அந்த விளையாட்டுக்கு ஒட்டுமொத்த மதிப்பீடு எதையும் காட்டுவதில்லை. விற்பதில் முப்பது விழுக்காடு கடைக்கு. பெரிய விற்பனையாளர்களுக்கு இது குறையும்: ஒரு கோடி டாலர் விற்பனைக்குமேல் 25, ஐந்து கோடிக்குமேல் 20. அதிகம் இருப்பவரிடம் குறைவாகவும், குறைவாக இருப்பவரிடம் அதிகமாகவும் வாங்கும் கணக்கு.

5. மானம்

இப்போது பெண்ணியவாதிகளாக நமக்கு மிகச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன்.

2025இன் தொடக்கத்தில் 'நோ மெர்சி' என்ற விளையாட்டு ஸ்டீமில் வந்தது. பெண்களை வன்புணர்வதையே விளையாடுபவரின் செயலாக வைத்திருந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் எதிர்ப்பு எழுந்து ஏப்ரலில் அது திரும்பப் பெறப்பட்டது. அப்படி ஒன்று நூறு டாலர் கட்டணத்தில் கடைக்குள் வர முடிந்ததற்குப் பின்னணி உண்டு. சட்டவிரோதமானவையும் வெறும் சீண்டலுக்காகச் செய்யப்பட்டவையும் தவிர எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்று வால்வ் 2018இலேயே அறிவித்திருந்தது. தன் வீட்டுக் கூடத்தில் என்ன நடந்தாலும் பொறுப்பில்லை என்று சொல்லும் சொந்தக்காரரின் நிலை அது. எதிர்த்த பெண்களின் கோபம் முழுவதும் நியாயமானது. வினைச்சொற்களைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். வன்முறையைப் பற்றிச் சொல்வதும், வன்முறையை விளையாடுபவரின் கைக்குச் செயலாகக் கொடுத்து அதற்கு வெற்றி என்று பெயரிடுவதும் ஒன்றாகாது.

ஆஸ்திரேலியாவின் 'கலெக்டிவ் ஷவுட்' என்ற அமைப்பு ஜூலையில் அடுத்த அடியை எடுத்து வைத்தது. கடைகளிடம் கேட்டுப் பயனில்லை என்று, விசா, மாஸ்டர்கார்டு, பேபால் போன்ற பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்குத் திறந்த மடல் எழுதியது. வன்புணர்வு, தகாத உறவு, குழந்தை மீதான பாலியல் வதை ஆகியவற்றைக் கொண்ட விளையாட்டுகளை விற்கும் கடைகளுக்குப் பணம் செல்வதை நிறுத்துங்கள் என்பது கோரிக்கை. சில நாள்களில் ஸ்டீம், பணப் பரிவர்த்தனை நிறுவனங்களின் விதிகளை மீறக்கூடியவற்றை வெளியிடக் கூடாது என்று புதிய வரி ஒன்றைச் சேர்த்துப் பல விளையாட்டுகளை நீக்கியது.

பெரிய அடி விழுந்தது இட்ச் என்ற சிறு கடையின் மேல். 2013இல் லீஃப் கார்கரன் தொடங்கிய இந்தக் கடையில் நுழைவுக் கட்டணம் இல்லை. கடைக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் படைப்பாளியே முடிவு செய்யலாம். விலையை வாங்குபவர் விருப்பத்துக்கு விடலாம். பிரியானா லெய் 2017இல் 'பட்டர்ஃபிளை சூப்' விளையாட்டை இங்குதான் வெளியிட்டார். பேஸ்பால் ஆடும் பள்ளிப் பெண்களின் காதலையும் அச்சங்களையும் சொல்லும் கதை. மையப் பாத்திரம் தியா என்ற இந்திய வம்சாவளிப் பெண். பெருங்கடைகளில் இடம் தேடாத திருநர்களும் தற்பால் ஈர்ப்பினரும் தங்கள் உடலைப் பற்றிச் செய்த சிறு விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் குடியேறிய இடம் இட்ச்.

2025 ஜூலை 24 அன்று இட்ச், வயதுவந்தோருக்கானது என்று குறிக்கப்பட்ட எல்லாப் பக்கங்களையும் தேடலிலிருந்தும் பட்டியலிலிருந்தும் மறைத்தது. படைப்பாளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லை. வன்புணர்வைக் கொண்டாடிய விளையாட்டும், வன்புணர்விலிருந்து மீண்ட ஒருவர் தன் உடலை மெல்லத் திரும்பப் பெறுவதைச் சொல்லும் விளையாட்டும் ஒரே குறிச்சொல்லின் கீழ் இருந்தால் ஒரே கத்தியில் வெட்டுப்பட வேண்டியதுதான். இலவசமானவை மட்டும் அம்மாத இறுதியில் திரும்பத் தேடலுக்கு வந்தன. நாங்கள் கேட்டது இதை இல்லை என்று அந்த அமைப்பு சொன்னது. எந்த விளையாட்டையும் நாங்கள் மதிப்பிடவில்லை என்று மாஸ்டர்கார்டு ஆகஸ்டில் சொன்னது. இடைத்தரகர்கள் மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதியைக் காட்டித்தான் மறுத்தார்கள் என்று வால்வ் சொன்னது. எல்லோரும் அடுத்தவரைக் காட்டினார்கள். தீர்ப்பு வந்துவிட்டது, நீதிபதியைக் காணவில்லை.

அந்த விதி என்ன சொல்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சட்டவிரோதமான பரிவர்த்தனைகளோடு, நிறுவனத்தின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பரிவர்த்தனைகளையும் அது தடுக்கிறது. பெண்ணுக்கு நேரும் தீங்கு அங்கே அளவுகோல் இல்லை. பெயர் கெடுமா என்பதுதான் கேள்வி. வேறு சொல்லில் சொன்னால், மானம். பெண்ணைக் காப்பதாகச் சொல்லிக் குடும்ப மானத்தைக் காக்கும் அமைப்பை நாம் தலைமுறைகளாக அறிவோம். அங்கே வன்முறைக்கு ஆளானவளும் வன்முறை செய்தவனும் ஒரே வகையான அவமானம். இருவரையும் மறைத்தால் போதும். இட்ச்சில் நடந்தது அச்சு அசலாக இதுவே.

ஆகவே இந்தச் சம்பவத்தில் நான் எடுக்கும் நிலைப்பாடு இது. 'நோ மெர்சி' போன்றவற்றை எதிர்ப்பது பெண்ணியத்தின் கடமை. அதைக் கடையின் முன் நின்று, பொதுவெளியில், விமர்சனமாகவும் சட்டத்தின் வழியாகவும் செய்ய வேண்டும். சட்டத்துக்கு விளக்கம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். வங்கியிடமும் அட்டை நிறுவனத்திடமும் கொடுக்கப்பட்ட கத்திக்கு மேல்முறையீடு கிடையாது. இன்று ஒரு பெண் அமைப்பின் மடலுக்கு அசைந்த அந்தக் கை, நாளை எங்கள் பண்பாட்டைக் கெடுக்கிறார்கள் என்று நம் கவிதைகளுக்கு எதிராக எழுதப்படும் மடலுக்கும் அசையும். 'ஆபாசம்' என்ற சொல்லை அதிகம் சுமந்தவர்கள் நாம். அந்தச் சொல்லின் அதிகாரத்தை முகமற்றவர்களுக்குக் கூட்டிக்கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

6. கையில் இருப்பது

இதை வாசிக்கும் மாணவிகளில் சிலருக்காவது ஒரு விளையாட்டு செய்து பார்க்கும் ஆசை வர வேண்டும் என்பது என் விருப்பம். நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட 'ட்வைன்' என்ற இலவசக் கருவியில்தான் 'டிப்ரஷன் குவெஸ்ட்' உருவானது. கிளை பிரியும் கதையை எழுதிக் கட்டங்களை இணைத்தால் போதும். தமிழில் தட்டச்சு செய்யலாம். அன்னா ஆந்த்ரபி 2012இல் எழுதிய தன் நூலில், விளையாட்டுகளைச் சிற்றிதழ் போலக் கருதச் சொன்னார். தனியொருவர் தன் வாழ்க்கையிலிருந்து செய்து கைக்குக் கை கொடுக்கும் சிறு பிரசுரம். சிற்றிதழ் மரபில் வந்த நமக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது.

செய்து முடித்ததும் கடைக்குப் போங்கள். ஸ்டீமுக்குச் சட்டப்பூர்வப் பெயர், அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, அமெரிக்க வரிப் படிவம் வேண்டும். வெளியே காட்டும் பெயர் வேறாக இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் புனைபெயரில் எழுதிய பெண்களின் வரிசையில் வந்த நமக்கு இந்தச் சலுகை சிறியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். அந்தக் கடையின் இடைமுக மொழிகளில் தமிழ் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ் வாசகியைத் தேடித் தருவது அவர்கள் வேலையாக இருக்கப்போவதில்லை.

மூலக் கோப்பை எப்போதும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ட்வைனில் செய்தது ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம், எந்த உலாவியிலும் திறக்கும். ஒரு கடை மறைத்தால் இன்னொரு வழியில் கொடுக்க முடிய வேண்டும். உங்களை விளையாடியவர்களின் முகவரிகளைக் கடையின் ஏட்டில் மட்டும் விடாமல், அவர்கள் ஒப்புதலோடு நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒருவருக்கொருவர் மதிப்புரை எழுதுவோம். பத்து மதிப்புரை என்பது ஒரு வகுப்பின் பாதி பெஞ்சுதான்.

அடுக்களையில் உட்கார்ந்து செய்த விளையாட்டைக் கடை இன்று ஏற்றுக்கொள்கிறது. அதற்கே பல ஆண்டுகள் ஆயின. எதை வைத்துத் தங்களை அளக்கிறார்கள், யார் அளக்கிறார்கள், மறுத்தால் காரணம் சொல்வார்களா என்று கேட்கும் உரிமை அடுத்து வர வேண்டும். அதுவரை புத்தகக் கட்டு கட்டிலுக்கு அடியிலும் இருக்கட்டும்.